ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இன்னொரு அரை மணி

சாமந்திபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஊர்க்காரர்களே செய்துகொள்கிறார்கள். மற்ற ஆறு நாட்களும் எல்லா ஊர்களுக்கும் வருவதுபோல வெளியிலிருந்து தயாராக வந்துவிடும். அவற்றில் கை வைக்க முடியாது. ஞாயிறு அப்படியில்லை. அது முப்பது கஜம் காடாத் துணியில் மார்க்கர் பேனாவால் எழுதப்பட்டு, கனகவல்லியின் தையல் கடையில் ஒரு மூங்கில் கழியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். ஐந்தரைக்குக் காகம், ஆறு மணிக்குக் குழாய்த் தண்ணீர், ஆறே முக்காலுக்கு வெயில் என்று துணியில் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில்தான் ஊருக்குள் நடக்கும். யாருக்காவது ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் ஒரு துண்டுத் துணியில் எழுதிக்கொண்டு வருவார்கள். கனகவல்லி சனிக்கிழமை மத்தியானம் அதை உரிய இடத்தில் வைத்து மிஷினில் ஒரு ஓட்டு ஓட்டிவிடுவார். மறுநாள் அது இருக்கும்.

பல வருஷங்களாக இதற்கு விதி என்று எதுவும் கிடையாது. கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்தே கனகவல்லி தைத்துக் கொடுத்தார். பங்குனி மாதத்தில்தான் அடுத்தடுத்து இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒருவர் பத்து மணிக்கு மட்டன் குழம்பு வாசனை வேண்டும் என்று ஒரு துண்டு கொடுத்தார். இன்னொருவர் அதே பத்து மணிக்கு மேற்கிலிருந்து நல்ல காற்று வேண்டும் என்று கொடுத்தார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குற்றமில்லை. இரண்டையும் ஒன்றாகத் தைத்த ஞாயிறன்று வாசனை முழுவதும் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டது. லாரிகள் வரிசையாக ஓரங்கட்டி நின்றன. ஊருக்குள் வெறும் காற்றுதான் அடித்தது.

அடுத்த வாரம் ஒருவர் உச்சி வெயிலைக் கொஞ்சம் குறைக்கப் போய், பதினொன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் வரைக்கும் துணியையே வெட்டி எடுத்துவிட்டார். அவருடைய சிநேகிதர் ஒருவர் நன்றாகப் பார்த்துவிட்டேன் என்று உறுதி சொன்னதால் அதுவும் தைக்கப்பட்டது. அந்த ஞாயிறு ஊரில் ஒருவரும் சாப்பிடவில்லை. நேராக எழுந்துபோய்த் தட்டைக் கழுவினார்கள்.

அதனால் நெசவாளர் சங்க மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஞாயிறு மதியம் ஊரில் கை நனைத்துச் சாப்பிடுகிற யார் வேண்டுமானாலும் துண்டு கொண்டுவரலாம் என்பதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒரு துண்டில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும், வாசனையையும் காற்றையும் ஒன்றாக எழுதக் கூடாது என்றார்கள். எந்தத் துண்டையும் ஊர் ஞாயிற்றில் சேர்ப்பதற்கு முன்னால் வியாழக்கிழமை பால் சொசைட்டி சந்தில் மட்டும் ஒத்திகை ஞாயிறாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தச் சந்தில் பதினோரு வீடுகள். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வாரத்துக்கு இரண்டு ஞாயிறு கிடைத்தால் இரண்டு தடவை எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

துண்டை யார் சரிபார்ப்பது என்பதில்தான் கூட்டம் இழுத்தது. படித்தவர்கள் பார்க்கட்டும் என்றார் ஒருவர். நடுவேளையை வெட்டியதற்கு உறுதி சொன்னவர் இரண்டு பட்டம் வாங்கியவர் என்று இன்னொருவர் நினைவுபடுத்தினார். கடைசியில் கனகவல்லி எழுந்து, வாயில் வைத்திருந்த குண்டூசியை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டு பேசினார்.

"வேண்டப்பட்டவங்க பேரைப் பாத்ததுமே கையெழுத்துப் போட்டுருவாங்க. ஆகாதவங்கதான் ஒரு எழுத்து விடாமப் படிப்பாங்க. அதனால, கொண்டு வர்றவங்க மேல கோபமா இருக்கற ஒருத்தர் பாத்து ஒத்துக்கிட்டாத்தான் நான் தைப்பேன்."

விதி அதோடு முடிவாயிற்று. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் மெதுவாகத் திரும்பிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செங்கோடனைப் பார்த்தார்கள்.

செங்கோடன் ஊர் எல்லையில் லாரி எடைமேடை வைத்திருப்பவர். வயது அறுபத்தெட்டு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வாத்தியார் தன்னை மட்டும் இரண்டு தடவை அதிகமாகத் தோப்புக்கரணம் போட வைத்தார் என்பதற்காக. அவர் யாரோடும் சண்டை போட்டவர் இல்லை. சண்டை போட்டால் கோபம் அன்றைக்கே செலவாகிவிடும். பேசாமல் இருந்தால் கெடாமல் இருக்கும். லேத் பட்டறை ஆறுச்சாமியோடு அவர் பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆறுச்சாமி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி முழுவதற்கும் அப்பளம் வைத்துவிட்டு செங்கோடன் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு நின்றவரைப் பார்த்தும் மொபெட்டை நிறுத்தாமல் போனவர் ஒருவர். நல்லபடியாக இருந்தவரைப் பார்த்து "என்னங்க, இளைச்சுட்டீங்க" என்று கேட்டவர் ஒருவர். இப்படி நாற்பத்து மூன்று பேர். எல்லாக் கோபங்களையும் அவர் நல்ல நிலையில் வைத்திருந்தார்.

கோபத்தை எழுதி வைக்க கனகவல்லி ஒரு நீள நோட்டுப் போட்டார். யாருக்கு யார் மேல் கோபம், எதனால் என்று கோபப்படுகிறவரே தன் கையால் எழுத வேண்டும். செங்கோடன் ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதினார்.

அதற்குப் பிறகு எடைமேடைக்கு லாரியை விட மனுஷர்கள்தான் அதிகம் வந்தார்கள். செங்கோடன் அவர்களோடு பேசுவதில்லை என்பதால், துண்டைப் படித்துவிட்டு எடைச் சீட்டின் பின்பக்கத்தில் தன் கேள்வியை எழுதி ஜன்னல் வழியாக நீட்டுவார். ஆறுச்சாமி காலை ஏழு மணிக்குப் பனி வேண்டும் என்று கொண்டுவந்தார். செங்கோடன் அதை நாலு தடவை படித்துவிட்டு, 'வந்த பனி எப்படிப் போகும்?' என்று எழுதினார். பனி வருவதற்குத்தான் துண்டில் வரி இருந்தது, போவதற்கு இல்லை. அப்படியே தைத்திருந்தால் அது திங்கட்கிழமைக்குள் நுழைந்திருக்கும். திங்கட்கிழமை வெளியார் சொத்து. ஒரு அம்மாள் மூன்றிலிருந்து நாலு வரை யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று எழுதிவந்தார். 'மூன்று மணிக்கு ஏற்கெனவே கையை ஓங்கி நிற்பவர்?' என்று ஒரு சீட்டு போயிற்று. அந்த அம்மாள் அவருக்கு ஒரு நாற்காலி சேர்த்து எழுதிக்கொண்டு வந்தார். செங்கோடன் அதை ஒத்துக்கொண்டார்.

வைகாசிக்குள் ஊர் ஞாயிறு அவ்வளவு சுத்தமாக ஆகிவிட்டது. செங்கோடனுக்கும் முகம் தெளிந்திருந்தது. எடைமேடை அறைக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். பெஞ்சில் யார் சாய்ந்து உட்காருகிறார்கள் என்றும் பார்த்து வைத்துக்கொண்டார்.

அவருக்கும் ஒரு துண்டு இருந்தது.

அவருடைய ஒரே மகள் பூங்கொடி காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரருக்கு ஞாயிறன்றும் மில் ஷிப்ட் என்பதால் அவள் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பதினோரு மணிக்கு வருவாள். சமைத்து, சேர்ந்து சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்து, ஆறு மணி பஸ்ஸில் போய்விடுவாள். சித்திரையில் பஸ்காரர்கள் ஆறு மணி வண்டியை ஐந்தரைக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் வெளியூரிலிருந்து வருவது. அதைத் துணியில் தொட முடியாது. நேரத்தைத்தான் தொட முடியும். செங்கோடன் பஸ்காரர்களை நாற்பத்து நாலாவதாக எழுதிவிட்டு, ஒரு சாண் துணி வாங்கி வந்தார். அதில் இப்படி எழுதினார்:

'ஐந்து மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இன்னொரு அரை மணி. வெயில் ஏற வேண்டாம், இறங்கவும் வேண்டாம். அடுப்பில் இருப்பது அப்படியே இருக்கட்டும். காரணம்: தேவை.'

கனகவல்லி துண்டை வாங்கி அளந்து பார்த்தார். ஓரம் நேராக மடித்திருக்கிறது என்றார். பிறகு நீள நோட்டை எடுத்து, செங்கோடன் மேல் கோபமாக இருப்பவர் யார் என்று தேட ஆரம்பித்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போனார். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

"யாரும் இல்லீங்கண்ணா."

"ஆறுச்சாமி?"

"அவரு அவரோட மச்சினரை மட்டுந்தான் எழுதியிருக்காரு."

செங்கோடன் நோட்டை வாங்கித் தானே பார்த்தார். ஊரில் நாற்பத்து மூன்று பேர் மேல் அவர் கோபமாக இருந்தார். அவர்களில் ஒருவர்கூட அதைத் திருப்பிச் செய்யவில்லை.

அவர் நேராக லேத் பட்டறைக்குப் போனார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் வார்த்தையாக, தன் மேல் ஏன் கோபம் இல்லை என்று கேட்டார். ஆறுச்சாமி மிஷினை நிறுத்திவிட்டு, கையைக் கழிவு நூலில் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குங்க கோபம்? நீங்க பேசறதில்ல, அவ்வளவுதானே. உங்களுக்குப் பல்லு வலின்னு நினைச்சுக்கிட்டேன்."

"இருபத்திரண்டு வருஷமாவா?"

"சில பேருக்கு விடாதுங்க."

சும்மாவாவது ஒரு கோபத்தை எழுதிக் கொடுக்க முடியுமா என்று செங்கோடன் கேட்டார். பொய்க் கோபம் எழுதினால் அந்த ஞாயிற்றில் தையல் நிற்காது, பிரிந்துவிடும் என்று ஆறுச்சாமி சொன்னார். அது சரிதான். பிறகு, அந்தக் கிரகப்பிரவேசத்தன்று அப்பளம் என்ன ஆயிற்றென்றால் என்று அவர் ஆரம்பிக்கவும், செங்கோடன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த விளக்கம் ஒருவேளை சரியாக இருந்துவிட்டால் கோபம் போய்விடும். ஆறுச்சாமியின் பனித் துண்டை இன்னும் அவர் பார்த்து முடிக்கவில்லை.

அடுத்த மூன்று வாரமும் செங்கோடன் ஊர்க்காரர்களைக் கோபப்படுத்தப் பாடுபட்டார். லேத் பட்டறை வாசலை அடைத்து ஒரு பதினாறு சக்கர லாரியை நிறுத்தி வைத்தார். மத்தியான வெயில் உள்ளே வராமல் நல்ல நிழலாக இருக்கிறது, நாளைக்கும் நிற்குமா என்று ஆறுச்சாமி கேட்டு அனுப்பினார். கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய், முகூர்த்தத்துக்கு முன்னாலேயே முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மொய் வைக்காமல், யாரிடமும் சொல்லாமல் வந்தார். அவர் வந்ததே பெரிசு என்று பெண் வீட்டார் அவர் சாப்பிட்ட இலையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். மொபெட்காரரை நடுத்தெருவில் நிறுத்தி, உன் மூக்கு சரியில்லை என்று சொன்னார். அந்த மனுஷர் வீட்டுக்குப் போய், செங்கோடன் என்னோடு பேசிவிட்டார் என்று சொல்லிக் கேசரி கிண்டச் சொன்னாராம். எங்கே போனாலும் அதே பேச்சுதான். அவர் அப்படித்தானுங்க, மனசுல ஒண்ணும் இல்லை.

மனசில் நாற்பத்து நாலு இருந்தது. அதைச் சொன்னாலும் சிரித்தார்கள்.

இதற்கு நடுவில் ஞாயிறு வந்து போய்க்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குப் பூங்கொடி முகம் கழுவுவாள். ஐந்தே காலுக்குப் பையை எடுப்பாள். அவள் பையை எடுத்ததும் செங்கோடன் உள்ளறைக்குப் போய்ச் சாவிக்கொத்தையோ கண்ணாடியையோ தேடத் தொடங்கிவிடுவார். அவள் "வர்றேனுங்கப்பா" என்று குரல் கொடுத்துவிட்டுத் தனியாகப் பஸ் நிறுத்தத்துக்குப் போவாள். பஸ் நேரம்தான் மாறியது, பதினோரு வருஷமாக இப்படித்தான்.

ஆனி மாதம் இரண்டாவது ஞாயிறு பூங்கொடி ஜாக்கெட் கை தளர்த்தக் கனகவல்லி கடைக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை காலையில் கனகவல்லி எடைமேடைக்கே வந்து சொன்னார். நோட்டில் செங்கோடன் பேரில் ஒன்று ஏறியிருக்கிறது.

"யாரு?"

"நம்ம பூங்கொடிங்கண்ணா. ஞாயிறு மதியம் இங்கதானே கை நனைக்குது, விதிக்கு உட்பட்டதுதான்."

செங்கோடன் நோட்டை வாங்கினார். மகளின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைப் பஸ் ஏற்றிவிட வந்ததில்லை. நான் கிளம்பும்போது முகத்தைக்கூடக் காட்டுவதில்லை.' அவர் அதை இரண்டு தடவை படித்தார். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அதன் எடையைப் பார்த்துச் சீட்டு கொடுத்துவிட்டு வந்து மூன்றாவது தடவை படித்தார். கோபத்துக்குக் காரணம் சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. அதில் கேள்வி கேட்க இடமில்லை.

விதிப்படி துண்டு பூங்கொடியிடம் போயிற்று. அடுத்த ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் அவள் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, துண்டைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செங்கோடன் எதிரில் உட்கார்ந்தார். இத்தனை மாதமாக ஜன்னலுக்கு உள்ளே இருந்தே பழகியவருக்கு இந்தப் பக்கம் உட்காருவது கஷ்டமாக இருந்தது.

அவள் மெதுவாகப் படித்தாள். அரை மணி நடுவில் நுழைந்தால் அப்போது பிரசவ வலியில் இருக்கிறவளுக்கு வலி அரை மணி கூடுமே என்று முதலில் கேட்டாள். வலி கூடாது, பக்கத்தில் இருந்து தைரியம் சொல்கிறவர்களுக்கு மட்டும் நேரம் கூடும் என்று ஒரு வரி சேர்த்தார். நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் வைத்தால் என்ன என்று கேட்டாள். நாலு மணிக்கு நீ தூங்கிக்கொண்டிருப்பாய் என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"காரணம் தேவைன்னு போட்டிருக்கீங்க. யாருக்குத் தேவை?"

"அது விதியில கேக்கல."

"சரிபாக்கறவங்க கேட்டாத் துணியில எழுதிப் பதில் சொல்லோணும். அதுவும் விதிதானுங்களே. கனகவல்லியக்கா சொன்னாங்க."

செங்கோடன் மார்க்கர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். மூடினார். திறந்தார். துண்டின் ஓரத்தில் இடம் கொஞ்சமாகத்தான் இருந்தது. அதில் அடங்குகிற மாதிரிச் சின்ன எழுத்தில் எழுதினார். 'பூங்கொடி போகிற நேரம் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதைப் பார்க்க முடியாமல்தான் உள்ளே போகிறேன். உள்ளே எதையும் தேடுவதில்லை.'

அவள் துணியைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். படித்துவிட்டு எழுத்தின் மேல் ஒரு தடவை விரலை ஓட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த செங்கோடனுக்குத் திடீரென்று கவலை பிடித்துக்கொண்டது. கோபம் இருந்தால்தான் கையெழுத்து செல்லும்.

"அம்மிணி, கோபம் போயிருச்சா?"

"போகப் பாக்குதுங்க. பேனாவைக் குடுங்க, சீக்கிரம்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அழுத்தின அழுத்தத்தில் பேனா முனை துணியில் ஒரு இடத்தில் பொத்தலே போட்டுவிட்டது. மறுநாள் கடையில் கனகவல்லி துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பொத்தலைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கையெழுத்தின் கடைசி எழுத்து மட்டும் லேசாக, தொட்டும் தொடாமலும் இருந்தது. அந்த இடத்தில் அவர் தன் கட்டை விரலை வைத்துக்கொண்டு, முழுக் கோபம்தான், சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

வியாழக்கிழமை பால் சொசைட்டி சந்தில் ஓட்டிப் பார்த்தார்கள். அரை மணி நன்றாகவே இருக்கிறது, காபி ஆறவில்லை, குழந்தைகள் வளரவில்லை என்று பதினோரு வீட்டாரும் எழுதிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் கனகவல்லி ஐந்து மணிக்குப் பக்கத்தில் துணியை வெட்டி, துண்டை வைத்து, இரட்டைத் தையல் போட்டார். அன்று சாயங்காலமே வெளியூர்க்காரர்கள் சில பேர் வந்து ஞாயிறு முழுவதையும் பார்த்துப் பார்த்துத் தங்கள் துணியில் எழுதிக்கொண்டு போனார்கள். புங்கம்புதூர்க்காரர்கள் முதலில் வந்தார்கள். ஊர்ப் பொதுவில் இருப்பதை யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தனியாக விதி போடத் தேவைப்படவில்லை.

அந்த ஞாயிறு ஐந்து மணி அடித்தது. வெயில் சுவரில் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டது. பூங்கொடி முகம் கழுவினாள், பையை எடுத்தாள். செங்கோடன் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இருவரும் நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்து சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தார்கள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மாமியாருக்கு மூட்டு வலி எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றாள். ரோட்டோரம் ஆறுச்சாமி நடந்து போனார். செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பனித் துண்டு இன்னும் பாக்கி இருந்தது. இன்னும் அவர் பேரைச் சொன்னால் உங்களுக்கு முகம் சிவக்கிறது என்று பூங்கொடி சிரித்தாள். தான் எழுதியதை நோட்டிலிருந்து அடித்துவிடலாமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் அம்மிணி, இருக்கட்டும், இன்னும் ஒன்றிரண்டு துண்டு கொண்டுவருகிற எண்ணம் இருக்கிறது என்றார். அப்படியென்றால் வாரத்துக்கு ஒரு தடவை பழையதை நினைத்துக்கொள்கிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

பஸ் வருகிற திசையிலிருந்து ஒரு ஆள் நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை. செங்கோடனைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு, புங்கம்புதூரிலிருந்து வருவதாகச் சொன்னார்.

"உங்க ஞாயித்துக்கிழமையைத்தானுங்க இன்னைக்கு முதல் தடவையா ஓட்டறோம். எல்லாம் சரியா வந்திருக்குது. நீங்களும் அம்மிணியும் அங்க பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கறீங்க. பாத்து எழுதறப்ப விட்டுப்போச்சோ என்னமோ, உங்களுக்கு மட்டும் இடது கால் செருப்பு வரலீங்க. தார் ரோடு சுடுதுன்னு ஒரு காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு எங்க யாரோடயும் பேச மாட்டேங்கறீங்க."

"அம்மிணி பேசுதா?"

"அவங்க நல்லாப் பேசறாங்க. அவங்கதான் இங்க போய்க் கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

செங்கோடன் இடது செருப்பைக் கழற்றி, பலகை ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டித் தூசியை உதறி அவரிடம் கொடுத்தார். வார் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பார்த்துப் போடச் சொல்லுங்கள் என்றார். அந்த ஆள் அதைப் பையில் வைத்துக்கொண்டு வந்த வழியே வேகமாகப் போனார். செங்கோடன் இடது காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டார். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.